அரைச் சுற்று

காலை ஆறு நாற்பதுக்கு, ரோட்டாரின் முனையில் சாக்பீஸால் போட்டிருந்த கோடு மேலே வந்து நின்றதைப் பார்த்துவிட்டு, தீனா நோட்டில் நேரத்தை எழுதினான். அவனுடைய நைட் ஷிஃப்ட் ஆறு மணிக்கே முடிந்திருந்தது. முடிந்தது என்பது பேருக்குத்தான். முந்தின நாள் சாயங்காலம் யூனிட் நின்றுபோயிருந்தது. அனல் மின் நிலையத்தில் டர்பைன் நின்றுவிட்டால் வேலையும் நின்றுவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அப்போதுதான் ஆரம்பிக்கும். ஐந்நூறு டிகிரி நீராவியில் வெந்து கிடக்கும் அந்தப் பெரிய இரும்புத் தண்டை, அதுதான் ரோட்டார், அசையாமல் விட்டால் வளைந்துவிடும். ஆறும்வரை, இரண்டு நாளோ மூன்று நாளோ, மெல்ல உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்றே பாரிங் கியர் என்று ஒரு மோட்டார் உண்டு. அது விடியற்காலையில் கருகித் தொலைந்தது. இனிமேல் கையால்தான். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருதரம், ஆள் உயர லீவரை மாட்டி, நாலு பேர் சேர்ந்து இழுத்து, சரியாக அரைச் சுற்று. கோடு மேலே இருந்தால் கீழே வர வேண்டும், கீழே இருந்தால் மேலே போக வேண்டும். ஒரு முறை விட்டுப்போனால் ரோட்டார் கூனிவிடும், அப்புறம் மாதக்கணக்கில் யூனிட் படுத்துவிடும். கூடவே, பக்கத்தில் நின்ற இன்ஜினியரின் பிழைப்பும் படுத்துவிடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் செல்போன் அதிர்ந்தது. அக்கா வீட்டுக்காரர் பூபதி.

"தீனா... உங்க நைனா பூட்டாருடா."

டர்பைன் ஹாலில் எண்ணெய் பம்பு ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் தெளிவாகத்தான் கேட்டது. "எப்போ மாமா?" என்றான்.

"இப்பதான். ஆறு மணிக்குத் திருப்பிப் போடலாம்னு உங்கம்மா போயிருக்கு. மூச்சு இல்ல."

"எடுத்துடாதீங்க மாமா. பத்து மணிக்கு மாத்து ஆள் வந்துருவாரு. பன்னெண்டு மணிக்கு அங்க இருப்பேன்."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அடுத்த சுற்றுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. லீவரில் சாய்ந்து நின்ற காண்ட்ராக்ட் ஆட்களில் ஒருவர், "வீட்லேர்ந்தா சார்?" என்று கேட்டார். "ஆமா. ஒண்ணும் இல்ல" என்றான். அந்த 'ஒண்ணும் இல்ல' தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நாலு மாதமாக அதைத்தான் அவன் பழகிக்கொண்டிருந்தான்.

தீனாவின் ஊரான பசியாவரத்தில் ஒரு சாவு விழுந்தால் யாரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். பழவேற்காடு ஏரிக்கு நடுவில் இருக்கிற தீவு அது, தண்ணீரை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. ஆனாலும் அடக்கம் முடிந்து ஆண்கள் தலை முழுகி வரும்வரை படகு கட்டின இடத்தில்தான் கிடக்கும். செத்தவர் யார், அவரோடு யாருக்கு என்ன தகராறு என்பதெல்லாம் அன்றைக்குப் பேச்சே இல்லை. அந்த ஊர்க்காரனுக்கு இது சோறு தின்பது மாதிரி, யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் தீனா வேலைக்குச் சேர்ந்தான். முதல் வருஷத்திலேயே ஏழு சாவுக்கு லீவு போட்டான். லெட்டரில் உண்மையைத்தான் எழுதினான். பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை. ஒரே தெருவுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊரில் எல்லாரும் ஏதாவது ஒரு முறைதானே ஆவார்கள். ஆபீஸில் சிரித்தார்கள். "என்னப்பா, சித்தப்பாவுக்குன்னு உங்க ஊர்ல தனியா பண்ணை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்கள். ஒரு சாவுக்காக ஊரே வேலையை நிறுத்தும் என்பது அவர்களுக்குப் புரியவில்லை. தீனாவுக்கோ ஊரே நிற்கும்போது தான் மட்டும் எப்படி வேலைக்குப் போவது என்று புரியவில்லை. வருஷக் கடைசியில் கூடச் சேர்ந்தவர்கள் டர்பைனுக்கும் பாய்லருக்கும் போனார்கள். அவனைச் சாம்பல் பிரிவில் போட்டார்கள். பம்பு அடைக்கும், பைப் ஓட்டை விழும், அதை ஒட்ட வேண்டும். ஐந்து வருஷம் அதுதான். ஊருக்குள் முதல் இன்ஜினியர், மெக்கானிக்கல் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன், தலையெல்லாம் சாம்பலோடு வீட்டுக்கு வந்தான். படித்து முடித்த புதிதில் ஊர்க்காரர்கள் ரிப்பேரான படகு இன்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்ததும், அவன் அரைநாள் குடைந்தும் ஓடாததும், கடைசியில் பூபதி ஒரு தட்டுத் தட்டி ஓட வைத்ததும் தனிக்கதை. அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

டர்பைன் பிரிவின் மேலாளர் சரவணன்தான் அவனைச் சாம்பலிலிருந்து தூக்கினார். அது நடந்து நாலு மாதம்தான் ஆகிறது. "உனக்கு நல்ல காது தீனா. பேரிங் கெட்டுப்போறத மீட்டர் காட்றதுக்கு முன்னாடியே சொல்ற. உன்னை நான் எடுத்துக்கறேன். ஆனா ஒண்ணு. ஊர்ல சாவுன்னு வந்து என் முன்னாடி நிக்கக் கூடாது" என்றார். "மாட்டேன் சார்" என்றான். சொன்னபடி நடந்தும் காட்டினான். இந்த நாலு மாதத்தில் ஊரில் இரண்டு சாவு, இரண்டுக்கும் அவன் போகவில்லை. அப்பாவுக்காக இதை மீறலாம் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. பெற்ற அப்பன் செத்ததற்கு லீவு கொடுக்காத ஆபீஸ் எங்கும் இல்லை. ஆனால் 'சார், ஊர்ல...' என்று ஆரம்பிக்கும்போதே சரவணனின் முகம் எப்படி மாறும் என்று அவனுக்குத் தோன்றியது. அந்த முகத்தைப் பார்க்க அவன் பயந்தான். பத்து மணிக்கு ஜான்சன் வந்துவிடுவார், அவரிடம் லீவரை ஒப்படைத்துவிட்டு யாருக்கும் தெரியாமல் போய்விடலாம், சேதியை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். இதுதான் அவன் போட்ட திட்டம். ஜான்சன் அவனுக்கு சீனியர், மோட்டாருக்கு மாற்றுப் பாகம் வாங்க அம்பத்தூர் போயிருந்தார்.

ஆறு ஐம்பத்தைந்து. லீவரை மாட்டினார்கள், இழுத்தார்கள். கோடு கீழே போனது.

அப்பா தேசப்பனுக்கு ஐந்து மாதத்துக்கு முன்னால் வாதம் அடித்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறிப்போனது. ஆஸ்பத்திரியில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் முதுகெல்லாம் புண்ணாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா எல்லம்மா அன்றோடு மீன் கூடையை மூலையில் வைத்தவள்தான். அவளுக்குக் கடிகாரம் பார்த்துப் பழக்கமில்லை. தீனாதான் அவள் போனில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு அலாரம் வைத்துக் கொடுத்தான், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. அது அடித்தால் எழுந்து புரட்டுவாள். ராத்திரி, பகல் என்று கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தீனா அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் வேலை என்ன என்று முதன்முறையாக விவரமாகச் சொன்னான். சூடாக இருக்கிற இரும்பை அப்படியே விட்டால் வளைந்துவிடும், ஒரு தடவைகூட விடாமல் திருப்ப வேண்டும் என்றான். தேசப்பன் ஒரு பக்க வாயால் சிரித்தார். "அப்ப உன் வேலையத்தான் உங்கம்மாவும் பாக்கறா. அவளுக்குத்தான் சம்பளம் இல்ல" என்றார். எல்லம்மா கூட அன்றைக்குச் சிரித்தாள்.

கட்டில் வாசலுக்கு நேராகக் கிடந்தது. வலப்பக்கம் புரட்டினால் சுவர். இடப்பக்கம் புரட்டினால் வாசல், வாசலுக்கு அப்பால் ஏரி, ஏரிக்கும் அப்பால் தெற்கே, வானம் தெளிந்திருந்தால் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அதில் ஓரத்தில் நிற்பது தீனாவின் யூனிட் என்று அவருக்குத் தெரியும். அதில் புகை வந்தால் மகனுக்கு வேலை இருக்கிறது, புகை நின்றால் வேலை இல்லை, வீட்டுக்கு வருவான் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நேர்மாறு. புகை நின்றால்தான் தீனாவுக்குத் தூக்கம் போகும். ஆனால் ஒருமுறை யூனிட் நின்றிருந்தபோது, ஏதோ ஒரு பொருளை எடுக்க, மின் நிலையக் குடியிருப்பிலிருந்து அவன் ஊருக்கு வர நேர்ந்தது. "பாத்தியா, நான் சொல்லல?" என்று அவர் எல்லம்மாவைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு வெற்றி. அதைக் கெடுக்க அவனுக்கு மனசு வரவில்லை, அவன் திருத்தவே இல்லை.

பத்து மணிக்கு ஜான்சன் வரவில்லை. கேட்டால், கடைக்காரன் இன்னும் பாகத்தை எடுத்துத் தரவில்லை என்றார். பதினொன்றாகிவிட்டது. தீனா ஆட்களோடு சேர்ந்து தானும் லீவரைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தான். சும்மா நின்றால் யோசனை வந்தது. பதினொன்றரைக்குச் சரவணன் வந்தார். நோட்டைப் புரட்டினார், ஒரு பதினைந்து நிமிஷம்கூட விடுபடாததைப் பார்த்தார், அவன் முதுகில் கை வைத்தார். "நீ இங்க நிக்கறேன்னுதான் தீனா நான் நிம்மதியா இருக்கேன்" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காக ஐந்து வருஷம் சாம்பல் தின்றிருந்தான். அது வந்து சேர்ந்த நாளைப் பாருங்கள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். தொண்டைக்குள் அப்பா என்ற சொல் வந்துகூட விட்டது. கண் கடிகாரத்துக்குப் போனது. "சார், டைம் ஆச்சு" என்று லீவரைப் பிடித்தான். சரவணன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு மணிக்குப் பூபதி மறுபடியும் கூப்பிட்டார். "எங்கடா கீற?"

"கெளம்பிடறேன் மாமா. ஆள் வந்துகினே இருக்காரு."

பூபதி குரலைத் தாழ்த்தினார். "இங்க யாரும் ஒண்ணும் சொல்லல. பெரியவரு பொன்னுரங்கம் மட்டும் கேட்டாரு, பையன் எங்கன்னு. பக்கத்துலதான், வந்துடுவான்னேன். எல்லாரும் கரையில குந்திகினு அந்தப் பொகபோக்கியத்தான் பாத்துகினு கீறாங்க. பொகையே வரலியே, அப்புறம் அவனுக்கு இன்னா வேலைன்னு கேக்கறாங்க. இன்னாடா சொல்றது?"

அன்றைக்கு என்ன நாள் என்பது பூபதி சொல்லாமலே தீனாவுக்குத் தெரியும். ஏரியில் இறால் ஓடும் இடங்களைக் குழுவாகப் பிரித்து முறை வைத்திருக்கிறார்கள், பாடு என்பார்கள். தன் முறை வரும் நாளில் வலை போடாவிட்டால் அந்த நாள் போனதுதான், திருப்பிக் கிடைக்காது. கார்த்திகை மழையில் முகத்துவாரம் திறந்து, இறால் கூட்டமாக ஓடுகிற வாரம் அது. அன்றைய முறை பூபதியின் குழுவுக்கு. காலையிலேயே அடக்கம் ஆகியிருந்தால் மத்தியானத்துக்கு மேலாவது வலையை எடுத்திருப்பார்கள். ஒற்றை மகன் வந்து குடம் தூக்காமல் எடுக்க முடியாது. மகன் வந்துவிடுகிறேன், வந்துவிடுகிறேன் என்கிறான். ஒரு ஊரையே கரையில் உட்கார வைத்துவிட்டு, அவன் இங்கே ஒரு இரும்பைக் காத்துக்கொண்டு நின்றான்.

ஜான்சன் வரும்போது மூன்று பத்து. தீனா லீவரில் தொங்கிக்கொண்டிருந்தான். மேஜை மேல் இருந்த அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஜான்சன்தான் எடுத்தார். "அவர் கை வேலையா இருக்கார், சொல்லுங்க" என்றவர், அதற்குமேல் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கோடு மேலே வந்தது. தீனா நோட்டை எடுக்கத் திரும்பியபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"யோவ், உங்கப்பாய்யா" என்றார். "காலையிலேர்ந்தாய்யா?"

சரவணன் படியில் ஓடி வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. "ஏன் தீனா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே நின்னு திருப்பியிருப்பேனே. என் வண்டியில உன்னை அனுப்பியிருப்பேனே" என்றார். அவர் குரல் உடைந்தது. சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பாரா? அனுப்பியிருப்பார் என்றுதான் அந்த முகத்தைப் பார்த்தால் தோன்றியது. அதை நம்பாமல் இருக்க முடியுமானால் நன்றாக இருக்கும் என்று தீனா நினைத்தான். காலை ஆறு நாற்பதிலிருந்து முப்பத்தைந்து அரைச் சுற்று சுற்றியிருந்தது, ஒன்றுகூட விடுபடவில்லை. அதில் எந்த ஒரு இடைவெளியிலும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம்.

சரவணனின் வண்டி பழவேற்காட்டில் இறக்கிவிட்டபோது ஐந்து தாண்டிவிட்டது. பூபதி படகோடு காத்திருந்தார். சாவு வீட்டுக்கு ஆள் ஏற்றிவர ஒரு படகை மட்டும் அவிழ்க்கலாம், அந்த ஒன்று இதுதான். அவன் ஏறியதும் படகைத் தள்ளினார். பசியாவரம் நெருங்கும்போது தீனா பார்த்தான். அத்தனை படகும் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. மடித்த வலைகள் மடித்தபடி அப்படியே இருந்தன. கரை முழுக்க ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். படகு மண்ணைத் தொட்டதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தான், திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டான். பொன்னுரங்கம் வந்து அவன் தோளைத் தொட்டு, "வந்துட்டியாப்பா. சாப்டியா? வா, இருட்டறதுக்குள்ள முடிச்சிடலாம்" என்றார். அந்தச் 'சாப்டியா'வைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கரையிலேயே உட்கார்ந்து அழுதான். பூபதி அவனைத் தூக்கி நிறுத்தி, பிடித்துக்கொண்டே வீட்டுக்கு அழைத்துப்போனார்.

அப்பாவை நேராக, முகம் வானத்தைப் பார்க்கப் படுக்க வைத்திருந்தார்கள். ஐந்து மாதமாக அவரை ஒரு பக்கமாகத்தான் அவன் பார்த்திருக்கிறான், வாசல் பக்கமோ சுவர்ப் பக்கமோ. நேராகப் படுத்திருப்பது வேறு யாரோ மாதிரி இருந்தது. அவர் காலைப் பிடித்துக்கொண்டான். என்ன சொல்லி அழுவது என்று தெரியவில்லை. பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தபோது எல்லம்மாவின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. ஆறு மணி. அவள் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து, தேசப்பனின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தாள். சுற்றி இருந்தவர்கள் அவளைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். "காலைலேர்ந்து இது ஆறாவது தபா" என்று யாரோ சொன்னார்கள்.

இருட்டு விழுகிற நேரத்தில் குடம் தூக்கினான், மண் தள்ளினான். மறுநாள் விடியலில் படகுகள் எல்லாம் போய்விட்டன. அன்றைய முறை வேறு குழுவுக்கு. பூபதி கரையில் உட்கார்ந்து, கிழியாத வலையைத் தைக்கிற மாதிரி ஏதோ செய்துகொண்டிருந்தார்.

எல்லம்மா வாசற்படியில் இருந்தாள். தீனா அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கட்டிலைக் கழுவி வெளியே சாத்தி வைத்திருந்தார்கள். அவள் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"முந்தா நேத்து சாயங்காலம் பொக நின்னுடிச்சா, அத பாத்துட்டாரு. தீனா வருவான், தீனா வருவான்னு ஒரே பேச்சு. ரா முழுக்கத் தூங்கல. நாலு மணிக்கு அலாரம் அடிச்சிச்சி, செவுத்துப் பக்கம் திருப்பணும். வேணாம்னு கையப் புடிச்சிகினாரு. திருப்பாத, அவன் வர்றது தெரியட்டும்னாரு. பொகபோக்கி உச்சில செவப்பு லைட்டு எரியுமே, அதையே பாத்துகினு இருந்தாரு. நானும் சரின்னு உட்டுட்டேன்."

பிறகு அவன் பக்கம் திரும்பினாள். அவளுக்குச் சந்தேகம் வந்தால், படித்த மகனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாளே, அதே மாதிரி கேட்டாள்.

"ஒரு தபாகூட உடக் கூடாதுன்னு சொல்லுவியேடா. நான் ஒரே ஒரு தபாதான் உட்டேன். அதனாலதான் பூட்டாராடா?"

"இல்லம்மா" என்றான். "அது இரும்பும்மா."

"நெசமா சொல்லு."

"நெசமாம்மா."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தான் ஒரு தடவைகூட விடவில்லை என்பதை அவளிடம் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. அன்று மத்தியானம் சரவணனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. சூடு ஆறிக்கொண்டிருக்கிறது, ரோட்டார் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது, காரியம் முடிந்து மெதுவாக வா, இனி டர்பைன் உன் பொறுப்புதான் என்று எழுதியிருந்தார். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

பதினாறாம் நாள் காரியம் வரை அம்மாவின் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் எழுந்து நிற்பாள், நின்ற இடத்தில் கொஞ்சம் யோசிப்பாள், பிறகு ஏதாவது ஒரு பாத்திரத்தை எடுத்து இடம் மாற்றி வைப்பாள். காரியம் முடிந்த மறுநாள் காலையில் அவள்தான் முதலில் பார்த்தாள். தெற்கே ஓரத்துப் புகைபோக்கியில் மெல்லிசாகப் புகை கிளம்பியிருந்தது.

"பொக வந்துடிச்சிடா. உனக்கு வேல இருக்கும். கெளம்பு" என்றாள்.

புகை வந்தால் அவனுக்கு அவசரம் ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லாததை இவளிடம் சொல்லி என்ன. சட்டையை மாட்டிக்கொண்டு, "போனைக் குடும்மா, அலாரத்த எல்லாம் எடுத்துடறேன்" என்று கையை நீட்டினான். அவள் போனை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள்.

"இருக்கட்டும்" என்றாள்.

பூபதி படகைத் தள்ளினார். தீனா புகைபோக்கிக்கு முதுகைக் காட்டி, ஊரைப் பார்த்து உட்கார்ந்தான். வாசல் திறந்து கிடந்தது. கட்டில் இல்லாததால் உள்ளே சுவர்வரை தெரிந்தது. எல்லம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். படகு பாதி ஏரி தாண்டியபோது அவள் சட்டென்று எழுந்து உள்ளே போவது சின்னதாகத் தெரிந்தது. இவ்வளவு தூரத்துக்குச் சத்தம் கேட்காது. தீனா வாட்சைப் பார்த்தான். மணி சரியாகப் பத்து.